ஈட்டிமுனையும் எட்டு ஹெலிகாப்டர்களும்

அமெரிக்க சிறப்பு நடவடிக்கைகள் கட்டளையகத்தின் சின்னத்தில், கறுப்புப் பின்னணியில் தங்க நிற ஈட்டிமுனை ஒன்று இருக்கும். முதல் ஆளாய்ப் போய்க் குத்துகிற படை என்று பார்த்ததும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த ஈட்டி இரவல் வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க் கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். தனக்கென்று வரைந்து வைத்திருந்த சின்னம் இது. அதற்கு அதிகாரபூர்வ ஒப்புதலே கிடைக்கவில்லை. 1945-ல் ட்ரூமன் அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்.

சரி, கட்டளையகம் எதற்கு வந்தது? அங்கேதான் சின்னம் சொல்லாத கதை இருக்கிறது. ஏப்ரல் 1980. டெஹ்ரானில் பணயக்கைதிகளாக இருந்த அமெரிக்கர்களை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் கிளம்பின. குறைந்தது ஆறாவது வேண்டும். வழியில் கோளாறும் புழுதிப்புயலுமாக இரண்டு கழன்றுகொண்டன. ஈரான் பாலைவனத்தில் இறங்கிய ஆறில் ஒன்றுக்கு ஹைட்ராலிக் பழுது. மிச்சம் ஐந்து. திட்டம் ரத்து. திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர், எரிபொருளோடு நின்ற விமானத்தில் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள்.

ஹெலிகாப்டர் கடற்படையுடையது, ஓட்டியவர்கள் பெரும்பாலும் மரைன்கள், பெரிய விமானங்கள் விமானப்படையுடையவை, உள்ளே புகவேண்டிய டெல்டா தரைப்படை. எல்லாரும் சேர்ந்து ஒரு முழு ஒத்திகைகூடப் பார்க்கவில்லை. எங்க மென்பொருள் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியா பாஸ். ஒன்றாக ஓட்டிப் பார்த்ததே புரொடக்‌ஷனில்தான்!

பென்டகன் தலைமைக்கு விருப்பமில்லாவிட்டாலும், 1986-ல் நன், கோஹன் என்ற இரு செனட்டர்கள் கொண்டுவந்த திருத்தம் சட்டமானது. 1987 ஏப்ரல் 16 அன்று ஃப்ளோரிடாவின் மெக்டில் தளத்தில் கட்டளையகம் பிறந்தது. அந்தச் சட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது பணம். அதுவரை சிறப்புப் படைக்கான காசு டாங்கி, கப்பலோடு போட்டிபோட வேண்டியிருந்தது. இப்போது பட்ஜெட்டில் 'முக்கியப் படைத் திட்டம் 11' என்று தனிக் கணக்கு. தனக்கான சிறப்புக் கருவிகளைத் தானே வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஆளைத் தேற்றுவது, கருவி கொடுப்பது, கூட்டுப் பயிற்சி, இதெல்லாம்தான் இவர்களுடைய அன்றாட வேலை. களத்தில் உத்தரவு போடுவது பெரும்பாலும் அந்தந்தப் பிராந்தியத் தளபதி. அதாவது ஈட்டியைத் தீட்டித் தருவது ஒருவர், எறிவது வேறொருவர்.

நான்கு படைகளையும் சேர்க்கத்தானே இத்தனை பாடு? 1980-ல் அந்த ஹெலிகாப்டர்களை ஓட்டிய மரைன்கள் தங்களுக்கென ஒரு சிறப்புப் பிரிவை இந்தக் கட்டளையகத்தின் கீழ் அமைத்தது 2006-ல்தான்.