இணையத்திலே ஒரு முகவரி

ஊரும் பெயரும் எழுதாத கடிதம் உரியவர் கையிற் சேர்வதில்லை. முகவரியின் அருமையை மலையகத்து மக்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் இலர் எனலாம். கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, லயங்களில் வாழ்வோர் பலருக்கு நெடுங்காலமாகத் தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே அனைவருக்கும் பொது முகவரி. கடிதம் முதலிலே தோட்டக் காரியாலயத்துக்கு வரும். அங்கிருந்தே உரியவரை அடையும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்த பின்னர் கைக்கு வந்த கதைகளும் உண்டு. இணையத்திலே இடம் தேடுவோரும் இதே வினாக்களையே முதலில் எதிர்கொள்கின்றனர்: குடியிருக்கும் வீடு யாருடையது? முகவரி யாருடையது?

இணையத்தளம் என்பது எழுத்தும் படமும் அடங்கிய கோப்புகளின் தொகுதியாகும். அக்கோப்புகள் எங்கேனும் ஒரு கணினியிலே இருத்தல் வேண்டும். கேட்பவர்க்கு அவற்றை எடுத்து வழங்குவதனால் அக்கணினி ‘வழங்கி’ எனப்படும். உலகின் முதலாவது இணையத்தளத்தை ஆங்கில அறிஞர் ரிம் பேர்ணர்ஸ் லீ, ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள அணு ஆராய்ச்சி நிலையத்திலே தமது பணிக் கணினியிலேயே அமைத்தார். 1991 ஆம் ஆண்டு அது வெளியுலகுக்குத் திறக்கப்பட்டது. இக்கணினியை எவரும் நிறுத்திவிடலாகாது என்று சிவப்பு மையால் எழுதிய சீட்டொன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. வழங்கியின் இலக்கணம் முழுவதும் அச்சீட்டிலே அடங்கியிருக்கின்றது. அது இரவும் பகலும் விழித்திருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின், கொட்டகலையிலுள்ள பாடசாலை ஒன்று தன் கணினியையே வழங்கியாக்கிக் கொள்ளலாகாதோ? ஆகும், ஆனால் நிலைக்காது. 2022 ஆம் ஆண்டு இலங்கையிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தை எண்ணிப் பார்த்தாலே காரணம் விளங்கும். ஆதலினாலேயே, தடையற்ற மின்சாரமும் விரைவான இணைப்பும் குளிரூட்டிய அறைகளும் உடைய நிறுவனங்களின் வழங்கிகளிலே இடத்தை வாடகைக்குப் பெறும் வழக்கம் ஏற்பட்டது. இதனையே ‘ஹோஸ்டிங்’ என்கின்றனர்.

வாடகை இடம் பலவகைப்படும். ஒரே வழங்கியைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்வது முதல் வகை. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழும் லயத்தை இது ஒத்தது. செலவு குறைவு, ஆயினும் அயல் வீட்டில் கூட்டம் பெருகினால் நம் வாசலிலும் நெரிசல் உண்டாகும். ஒரே வழங்கியைப் பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தையும் ஆற்றலையும் தனித்தனியே ஒதுக்குவது இரண்டாம் வகை. வழங்கி முழுவதையும் ஒருவரே எடுத்துக்கொள்வது மூன்றாம் வகை. பாடசாலைக்கோ வாசகர் வட்டத்துக்கோ சிறு வணிகத்துக்கோ முதல் வகையே தொடக்கத்திற் போதுமானது.

வீடு வேறு, முகவரி வேறு என்பதை இங்கே தெளிதல் வேண்டும். ஒவ்வொரு வழங்கிக்கும் உரியது ஓர் எண். எண்களை மனிதர் நினைவிற் கொள்வது அரிதாதலின், பெயரைச் சொன்னால் எண்ணைக் காட்டும் ஒழுங்கு 1983 ஆம் ஆண்டு வகுக்கப்பட்டது. அவ்வாறு பதிவு செய்யப்படும் பெயரே ‘டொமைன்’ எனப்படும் ஆள்களப் பெயர். இலங்கைக்குரிய ‘எல்.கே.’ என்னும் ஈறு 1990 இல் வழங்கப்பட்டது. 2010 இல், ‘இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிக்கும் வழி பிறந்தது.

இலவசமாக இடமளிக்கும் நிறுவனங்கள் பல உள. ஆனால் அவை தரும் முகவரியிலே நிறுவனத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும். இது தோட்டக் காரியாலயத்தின் வழியாகக் கடிதம் பெறுவதைப் போன்றது. காரியாலயம் மூடப்பட்டால் முகவரியும் மறையும். இலட்சக்கணக்கானோர் தளம் அமைத்திருந்த ஜியோசிற்றீஸ் என்னும் சேவையை யாகூ நிறுவனம் 2009 இல் மூடியபோது நிகழ்ந்தது இதுவே. தனிப்பெயர் உடையவரோ வேறு நிறுவனத்துக்குக் குடிபெயர்ந்தாலும் முகவரியை மாற்ற வேண்டியதில்லை. பெயரைப் புதிய வழங்கியின் எண்ணுக்குத் திருப்பிவிட்டாற் போதும்.

இனித் தேடுபொறியின் செயலைக் காண்போம். கூகிள் முதலிய தேடுபொறிகள் தாமாக இயங்கும் நிரல்களை அனுப்பித் தளங்களைப் பார்வையிட்டு, அங்குள்ள சொற்களைப் பெரியதோர் அட்டவணையிலே பதிந்து வைக்கின்றன. தேடுவோர்க்கு விடை அந்த அட்டவணையிலிருந்தே கிடைக்கின்றது. அதிலே நன்கு இடம்பெறச் செய்யும் முயற்சியே தேடுபொறி உகப்பாக்கம். பார்வையிட வரும் நிரலுக்குக் கதவு பலமுறை மூடியிருப்பின், அது வருகையைக் குறைத்துக்கொள்ளும். காலப்போக்கில் அப்பக்கங்கள் அட்டவணையிலிருந்தும் நீக்கப்படும். பக்கம் திறக்கும் வேகத்தையும் தரவரிசைக்கான அளவுகோல்களுள் ஒன்றாகக் கூகிள் 2010 இலே கொண்டது. கைபேசித் தேடலுக்கும் அதனை 2018 இல் விரித்தது. எச்.ரி.ரி.பி.எஸ். எனப்படும் மறைகுறிப் பாதுகாப்பு 2014 இல் இவ்வரிசையிற் சேர்ந்தது. அதற்குரிய சான்றிதழ் இப்போது இலவசமாகவும் கிடைக்கின்றது. ஆகவே வாடகை பேசும்போது, தளம் ஓயாது இயங்குமா, விரைந்து திறக்குமா, பாதுகாப்புச் சான்றிதழ் உண்டா என்னும் மூன்றையும் கேட்டறிதல் நன்று.

ஆயினும் நல்ல வழங்கி நல்ல உள்ளடக்கத்துக்கு ஈடாகாது. எமது வழங்கியிலே குடியேறினால் முதலிடம் நிச்சயம் என்று கூறும் விளம்பரத்தை நம்புதல் வேண்டா. வழங்கி செய்வது தடையை நீக்குதல் மட்டுமே. தேடுவோரைத் தங்க வைப்பது அங்கே எழுதப்பட்டிருக்கும் பொருளே.

தமிழருக்கு இங்கே தனித்த இடர் ஒன்றும் உண்டு. இலங்கையிலே நெடுநாள் வழங்கிய பாமினி எழுத்துருவிலே, கண்ணுக்குத் தெரிவது தமிழாயினும், கணினி பதிந்து வைப்பது ஆங்கில எழுத்துகளையும் குறிகளையுமே. அவ்வாறு அமைந்த பக்கத்திலே ‘கொட்டகலை’ என்னும் பெயர் நூறு முறை வந்தாலும், அச்சொல்லைத் தேடுபவருக்கு அது அகப்படுவது அரிது. தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோட் முறையிலே எழுதுவதே இதற்குப் பரிகாரம். பழைய ஏடுகளைப் படம் பிடித்து ஏற்றுவோரும், நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றை எழுத்தாகவும் சேர்த்தல் வேண்டும். 2005 இலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இவ்வாறு செய்வதனாலேயே, மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரைத் தேடும் மாணவருக்கும் வழி திறக்கின்றது.

கொட்டகலைப் பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியிலே பயின்று தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லும் இளம் ஆசிரியர்கள் இவற்றை அறிந்திருத்தல் பெரும்பயன் தரும். ஊக்கமுள்ள இளைஞர் ஒருவர் தம் பெயரிலே தளத்தை அமைப்பார். பின்னர் தொழில் தேடிக் கொழும்புக்கோ கடல் கடந்தோ செல்வார். புதுப்பிக்கும் நாள் வந்து போகும்; கட்டணம் செலுத்த ஆளிராது; பல ஆண்டுப் பதிவுகளும் ஒருநாளில் மறையும். இதனைத் தவிர்க்க, ஆள்களப் பெயரை நிறுவனத்தின் பெயரிலேயே பதிதல் வேண்டும். கடவுச்சொல்லையும் புதுப்பிக்கும் திகதியையும் பொறுப்பாளர் இருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். தளத்தின் முழுப்படியொன்றை வேறிடத்திலே மாதந்தோறும் காத்து வைத்தல் வேண்டும்.

இருநூறு ஆண்டு வரலாறுடைய ஒரு சமூகம், தன் கதையைத் தானே எழுதி உலகின்முன் வைக்க இன்று சிறு தொகை போதும். வாடகைக்குப் பெற்ற இடமாயினும் ஆகுக. வாசலிலே எழுதும் பெயர் மட்டும் சொந்தப் பெயராய் இருத்தல் வேண்டும்.