கத்தலுக்கு நடுவே ஒரு விசில்

கூச்சல் நடுவரின் தீர்ப்பையே அசைக்கும். 2002இல் இங்கிலாந்து ஆய்வாளர் ஆலன் நெவிலும் குழுவினரும் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்கு ரசிகர்களின் இரைச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிமீது 15.5 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். நேர்மைக் குறைவு அல்ல இது. தயக்கம் வரும் நொடியில் காதும் கண்ணோடு சேர்ந்து முடிவெடுக்கிறது.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 2004–05 பருவத்தின் 365 ஆட்டங்களை ஆராய்ந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஓர் அணியின் ஃபவுல் எண்ணிக்கை எதிரணியுடையதைவிட ஏற ஏற, அடுத்த ஃபவுல் எதிரணிமீது விழும் வாய்ப்பும் ஏறியது. பயிற்சியாளரின் கத்தல்தான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் “ஏழுக்கு இரண்டு! எங்களுக்கு மட்டும்தானா?” என்று அவர் ஏன் எண்ணிச் சொல்கிறார் என்பது புரிகிறது. பள்ளி ஆட்டங்களில் அந்தக் குரல் நடுவருக்குச் சில அடி தூரத்திலேயே ஒலிக்கிறது. சிறுவர் போட்டிகளில் விசில் பிடிப்பவரும் பல நேரம் இளைஞர்தான்.

அனுபவமுள்ள நடுவர்கள் பயிற்சியாளரை எதிர்த்துக் கத்துவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்வார்கள், புலம்பலை விட்டுவிடுவார்கள். பேச வேண்டியிருந்தால் முகத்துக்கு நேரே நிற்காமல், அவர் பக்கத்தில் நின்று இருவரும் மைதானத்தைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஆட்டத்தின்மேல் கண் இருக்கும். பார்ப்பவர்களுக்கும் சண்டையாகத் தோன்றாது. “நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை, கோச்” என்ற ஒரு வரி பல நேரம் போதும். தம் தரப்பைச் சொல்ல இடம் கிடைத்தவர்கள், தீர்ப்பு பாதகமாக வந்தாலும் அதை நியாயமானதாகக் கருதுகிறார்கள் என்று 1975இலேயே ஜான் திபோவும் லாரன்ஸ் வாக்கரும் நீதிமன்ற வழக்குமுறைகளை ஆராய்ந்து எழுதினார்கள். கூடைப்பந்து மைதானத்திலும் மனிதர்கள் அதே மனிதர்கள்தானே!

பொறுமைக்கு எல்லை உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளில், நடுவர் எச்சரித்தால் அது ஸ்கோர் புத்தகத்தில் பதிவாகும். இருக்கும் கருவிகளில் இதுதான் சிறந்தது என்பேன்: கோபம் முகங்களை விட்டு விலகித் தாளுக்குப் போய்விடுகிறது, அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. கெட்ட வார்த்தைக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. நேரே டெக்னிகல் ஃபவுல்தான். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்து. நல்ல நடுவர் நிதானமாகக் கைகளால் ‘டி’ காட்டிவிட்டு விலகிப் போய்விடுவார். விளக்கம் தேவைப்பட்டால் சக நடுவர் வந்து பேசுவார்.

பிறகு அந்தப் பயிற்சியாளர் நின்றபடி வழிகாட்டும் உரிமையை இழக்கிறார். அதுவரை பெஞ்ச் முன்னால் 28 அடிவரை நடமாடியவர், ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர் நடத்தைக்காகவே டெக்னிகல் இன்னொன்று விழுந்தால் வெளியேற்றம். உட்கார்ந்திருப்பவர் டைம் அவுட்டில் எழலாம். தன் வீரர் அபாரமாக ஆடினாலும் சட்டென எழுந்து பாராட்டலாம். உடனே உட்கார்ந்துவிட வேண்டும்.