மங்கலான மேடைக்கு எந்தக் கேமரா?

மாணவர்களே, பள்ளி மண்டபத்தில் நாடகம். மேடையில் மங்கலான வெளிச்சம். உங்கள் முன் இரண்டு நிக்கான் கேமராக்கள். ஒன்று, 2007இல் வந்த டி3: தொழில்முறை டிஎஸ்எல்ஆர், 12 மெகாபிக்சல். மற்றது, 2018இல் வந்த பி1000: 16 மெகாபிக்சல், 125 மடங்கு ஜூம். எதை எடுப்பீர்கள்?

பழைய டி3ஐ எடுங்கள். ஒளியைப் பிடிக்கும் அதன் உணரி 36 மி.மீ. அகலம்; பி1000இல் 6 மி.மீ.தான். பரப்பளவில் ஏறக்குறைய 30 மடங்கு வேறுபாடு! மழையில் அண்டாவையும் குவளையையும் வைத்தால் எதில் அதிக நீர் சேரும்? ஒளியும் அப்படித்தான். ஒளி போதாவிட்டால் படம் மணல் தூவியதுபோல் தெரியும்.

ஆனால் பகலில், தூரத்து மரத்தில் இருவாச்சி அமர்ந்திருந்தால் பி1000க்கே வெற்றி. உணரி சிறியது என்பதால், அதன் 539 மி.மீ. லென்ஸ், டி3இல் 3000 மி.மீ. லென்ஸ் காட்டும் நெருக்கத்தைக் காட்டிவிடும்.

ஆகவே, மெகாபிக்சலை எண்ணுமுன் வெளிச்சத்தையும் தூரத்தையும் பாருங்கள்.