மேல் வீட்டில் கசிவு, கீழ் வீட்டில் வாளி: செலவை ஏற்பது யார்?

கீழ் வீட்டுக் குளியலறைச் சீலிங்கில் முதலில் கையகல ஈரம் ஒன்று தெரிகிறது. அடுத்த மாதம் சாயம் உரிகிறது. அதற்கடுத்த மாதம் வாளி வைக்க வேண்டிய நிலை. வீட்டுக்கார அம்மா படியேறிப் போய்க் கதவைத் தட்டுகிறார்.

“அக்கா, உங்க குளியலறைத் தண்ணி எங்க வீட்டுல சொட்டுது. ஆள வச்சு கொஞ்சம் பாருங்களேன்.”

“எங்க வீட்டுல ஒரு சொட்டுகூட ஒழுகலையேம்மா. நாங்க எதுக்குக் காசு போடணும்? மேனேஜ்மென்ட்ல போய் கேளுங்க.”

மேனேஜ்மென்ட் அலுவலகத்திலோ, “அது ரெண்டு வீட்டுக்காரங்க விஷயம், பேசித் தீர்த்துக்குங்க” என்று அனுப்பி விடுகிறார்கள்.

இப்படி மூன்று வாசல் ஏறி இறங்கியே ஆறு மாதம் ஓடிவிடுகிறது. தண்ணீர் நின்றபாடில்லை. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் லிஃப்டில் சந்தித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மலேசியாவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நாள்தோறும் நடக்கும் கதைதான் இது. இந்தக் கதைக்குச் சட்டத்தில் தெளிவான முடிவு இருக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

லைன் வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு

நம்மவர்களில் பலருக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டத்து லைன் வீட்டில் கூரை ஒழுகினால் கிராணியிடம் சொன்னார்கள். வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். பழுதுபார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதித் தரச் சட்டமும் முதலாளி கொடுக்கும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளிக்கே கொடுத்தது.

தோட்டம் விற்கப்பட்டு, மலிவு விலை மாடி வீட்டுக்கு வந்த குடும்பம் அதே பழக்கத்தில் “மேனேஜ்மென்ட் செய்யட்டும்” என்று காத்திருக்கிறது. ஆனால் மாடி வீட்டில் மேனேஜ்மென்ட் என்பது வேறு யாரும் அல்ல, வீட்டு உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்த அமைப்பே அது. அந்த அமைப்பின் கையில் இருக்கும் பணமும் உரிமையாளர்கள் மாதாமாதம் கட்டிய பணம்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

தீபகற்ப மலேசியாவிலும் லபுவானிலும் இதற்கான சட்டம் 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராதா நிர்வாகச் சட்டம். 757ஆவது சட்டம் என்றும் அதைக் குறிப்பிடுவார்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது நடப்புக்கு வந்தது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன.

மூன்று பைகள்

எந்தப் பழுதாக இருந்தாலும் அதற்கான பணம் மூன்று பைகளில் ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். ஒன்று மேம்பாட்டாளரின் பை. இரண்டாவது எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவான பை. மூன்றாவது தனி உரிமையாளரின் பை. பழுது எங்கே தோன்றியது, எப்போது தோன்றியது என்பதை வைத்தே எந்தப் பை என்று முடிவாகிறது. யார் அதிகமாகப் பாதிக்கப்பட்டார் என்பதை வைத்து அல்ல.

புது வீடு என்றால் முதலில் மேம்பாட்டாளரின் பையைப் பார்க்க வேண்டும். சாவி பெறும் உரிமை வந்த நாளிலிருந்து 24 மாதங்கள் வரை, மோசமான வேலைப்பாட்டாலோ தரமற்ற பொருளாலோ வரும் குறைகளை மேம்பாட்டாளரே தமது செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்து மூலம் அறிவித்த 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும் என்பது விற்பனை ஒப்பந்தத்தின் நிபந்தனை. செய்யத் தவறினால், வழக்கறிஞரிடம் இதற்காகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் தொகையிலிருந்து செலவைக் கேட்க வழியுண்டு. வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றமும் இருக்கிறது.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றுதான். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். 25ஆவது மாதத்தில் கேட்டால் சான்று எதுவும் கையில் இருப்பதில்லை. கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைப்பது ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு தாள் பல ஆயிரம் ரிங்கிட் பெறும்.

பொதுப் பையில் யார் பணம்?

கூரை, லிஃப்ட், மாடிப்படி, நடைபாதை, தண்ணீர்த் தொட்டி, கட்டடத்தின் வெளிச்சுவர், பல வீடுகளுக்குச் சேர்ந்து ஓடும் குழாய்கள் ஆகியவை பொதுச் சொத்து. இவற்றின் பழுது பொதுப் பையிலிருந்து பார்க்கப்படுகிறது.

அந்தப் பைக்கு இரண்டு அறைகள். ஒன்று மாதாந்திரப் பராமரிப்புக் கணக்கு. துப்புரவு, காவல், மின்சாரம், சிறு பழுது எல்லாம் இதிலிருந்து. மற்றொன்று சிங்கிங் ஃபண்ட் என்ற சேமநிதி. முழுக் கட்டடத்துக்கும் சாயம் பூசுவது, பழைய லிஃப்டை மாற்றுவது போன்ற பெரிய செலவுகளுக்கு இது. பொதுவாகப் பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காடு இந்த நிதிக்காக வசூலிக்கப்படும். மாதம் 80 ரிங்கிட் பராமரிப்பு என்றால் சேமநிதிக்கு 8 ரிங்கிட்.

யார் எவ்வளவு கட்டுவது என்பது வீட்டுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளைப் பொறுத்தது. பெரிய வீட்டுக்குப் பங்கு கூடுதல், சின்ன வீட்டுக்குக் குறைவு. “நான் தரை மாடியில் இருக்கிறேன், லிஃப்டில் ஏறுவதே இல்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்ற கேள்வி ஏறக்குறைய எல்லாப் பொதுக்கூட்டத்திலும் எழும். லிஃப்டில் ஏறாதவருக்கும் அதில் உரிமை இருக்கிறது. கட்டணம் உரிமையின் அளவுக்கு, உபயோகத்தின் அளவுக்கு அல்ல. அப்படிப் பார்த்தால் உச்சி மாடிக்குக் கீழே இருப்பவர் யாரும் கூரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்றாகிவிடும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே அளவுள்ள நூறு வீடுகள். லிஃப்ட் பழுதுக்கு 60,000 ரிங்கிட் தேவை. எல்லாரும் கட்டினால் வீட்டுக்கு 600 ரிங்கிட். நாற்பது வீட்டுக்காரர்கள் கட்டவில்லை என்றால் மீதி அறுபது பேர் தலைக்கு 1,000 ரிங்கிட் போட வேண்டும், அல்லது லிஃப்ட் ஓடாது. “லிஃப்ட் ஓடவில்லை, அதனால் காசு கட்டமாட்டேன்” என்கிறார் ஒருவர். “காசு கட்டவில்லை, அதனால் லிஃப்ட் ஓடவில்லை” என்கிறது நிர்வாகம். இரண்டுக்கும் நடுவில் ஏழாவது மாடியில் முழங்கால் வலியோடு ஒரு பாட்டி மருத்துவமனைக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சட்டம் இதில் கண்டிப்பாகவே இருக்கிறது. பழுது பார்க்கவில்லை என்பதைக் காட்டிக் கட்டணத்தை நிறுத்தி வைக்க முடியாது. நிலுவை வைத்தவருக்கு நிர்வாகம் குறைந்தது 14 நாள் அவகாசத்துடன் அறிவிப்பு அனுப்பலாம். தாமதத்துக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி விதிக்கலாம். நிலுவைதாரர் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். தக்க காரணமின்றி அறிவிப்பை மீறுவது குற்றம்; 5,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிலுவை உள்ளவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையையும் இழக்கிறார். கோபத்தில் கட்டாமல் இருப்பவர், நிர்வாகத்தை மாற்றும் ஆயுதத்தையே கீழே போட்டுவிடுகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுபுறம், நிர்வாகக் குழுவுக்கும் கடமை உண்டு. வரவு செலவைத் தணிக்கை செய்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேள்வி கேட்பதும், தேவையானால் குழுவை மாற்றுவதும் உரிமையாளர்கள் கையில்தான் இருக்கிறது.

மீண்டும் அந்த வாளிக்கு வருவோம்

மாடிகளுக்கு இடையிலான கசிவுக்குச் சட்டம் ஒரு தொடக்கப் புள்ளியை வைத்திருக்கிறது. சீலிங்கில் ஈரம் கண்டால், மாற்றாக நிரூபிக்கப்படும் வரை, குறை அதற்கு நேர் மேலே உள்ள வீட்டில் அல்லது பொது இடத்தில் இருப்பதாகவே கருதப்படும். “எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே” என்ற பதில் இங்கே செல்லாது. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவதால் மேல் வீட்டில் அது தெரியாமல் இருப்பது இயல்பே.

அதற்காக மேல் வீட்டுக்காரர்தான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடவில்லை. அது வெறும் அனுமானம், சோதனையில் மாறலாம். ஈரத்துக்குக் காரணம் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் என்றால் செலவு அந்த வீட்டுக்காரருடையது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பயன்படும் குழாய் என்றால் அது பொதுச் சொத்து. பொதுப் பை திறக்க வேண்டும். புதுக் கட்டடமாக இருந்து, 24 மாதம் முடியாமலும் இருந்தால், மேம்பாட்டாளரைக் கேட்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கும் வேலை யாருடையது? “பேசித் தீர்த்துக்குங்க” என்று அனுப்பி வைத்த அதே நிர்வாகத்துடையது. 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் நாள் கணக்கையே கொடுத்துவிட்டன. பாதிக்கப்பட்டவர் கசிவை நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிர்வாகம் சோதனை செய்ய வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாட்களுக்குள், காரணம் என்ன, பொறுப்பாளி யார் என்று குறிப்பிடும் சோதனைச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். 28ஆம் பாரம் என்பது அதன் பெயர். பொறுப்பு மேல் வீட்டுக்காரருடையது என்றால், சான்றிதழ் கிடைத்த ஏழு நாட்களுக்குள் அவர் பழுதைச் சரிசெய்யும் நடவடிக்கையில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நிர்வாகமே சரிசெய்து, செலவை அவரிடம் வசூலிக்கும். சோதனைக்கோ பழுது வேலைக்கோ வீட்டுக்குள் விட மறுப்பதும் குற்றமே.

காரணம் பற்றிய முடிவில் உடன்பாடு இல்லை என்றால் ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் போகலாம். பதிவு பெற்ற பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்ற வல்லுநரைக் கொண்டு காரணத்தைக் கண்டறிய அவர் ஏற்பாடு செய்யலாம்.

நிறமூட்டிய தண்ணீரை மேல் வீட்டுக் குளியலறைத் தரையில் தேக்கி வைத்துக் கீழே பார்ப்பது, ஒவ்வொரு குழாயாக மூடிப் பார்ப்பது போன்ற எளிய சோதனைகளே பல நேரங்களில் உண்மையைச் சொல்லிவிடும். குழாய் எல்லாம் மூடியிருந்தும் சொட்டு நிற்கவில்லை என்றால் அழுத்தத்தில் உள்ள தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். குளித்தால் மட்டும் சொட்டுகிறது என்றால் தரையின் நீர்த்தடுப்புப் பூச்சையோ கழிவுக் குழாயையோ பார்க்க வேண்டும். மேல் வீட்டில் பழைய ஓடுகளைப் பெயர்த்துப் புது ஓடு பதித்த பிறகு கசிவு தொடங்கியது என்றால், வேலையின்போது அந்தப் பூச்சு சேதமடைந்திருக்க வாய்ப்பு உண்டு.

நடுவர் மன்றம் இருக்கிறது

இவ்வளவுக்குப் பிறகும் தீராத பிரச்சினையை ஸ்ட்ராதா நிர்வாக நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பொதுவாக வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே அனுமதி இல்லை. சாதாரண மனிதர் தம் வார்த்தையிலேயே தம் குறையைச் சொல்லலாம். அதன் தீர்ப்பு நீதிமன்ற உத்தரவுக்குச் சமம்; மீறுவது கடும் தண்டனைக்குரிய குற்றம். கீழ் வீட்டில் பாழான சீலிங், அலமாரி போன்றவற்றின் இழப்பைக் கேட்பவர், படங்களையும் ரசீதுகளையும் தேதி வாரியாக வைத்திருப்பது நல்லது.

குறைந்த வருமானக் குடியிருப்புகளில் பொதுப் பையே காலியாக இருப்பது வேறொரு வேதனை. அங்கே அரசாங்க உதவித் திட்டங்களையும் நிர்வாகக் குழு தேட வேண்டும். லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பெரிய பழுதுகளின் செலவில் 80 விழுக்காட்டை மாநில அரசு ஏற்கும் திட்டம் ஒன்றைப் பினாங்கு மாநிலம் நடத்தியிருக்கிறது. ஆனால் அதிலும் மீதி 20 விழுக்காடு குடியிருப்பாளர்கள் பங்கு. தம் பங்கைப் போட மனமில்லாத இடத்தில் எந்த உதவியும் நெடுநாள் நிற்காது.

அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் செய்ய வேண்டியது சிறிய காரியம். கீழ் வீட்டு அம்மா, கோபத்தோடு படியேறுவதற்குப் பதிலாக, தேதி போட்ட கடிதத்தோடு நிர்வாக அலுவலகம் போக வேண்டும். மேல் வீட்டு அக்கா கதவைத் திறந்து சோதனைக்கு இடம் கொடுக்க வேண்டும். ஏழு நாள், ஐந்து நாள், மீண்டும் ஏழு நாள் என்று மூன்று வாரத்துக்குள் பொறுப்பாளி யாரென்று தெரிந்து, வேலையும் தொடங்கியிருக்கும். வரும் தீபாவளிக்குப் பலகாரத் தட்டும் மாடி ஏறிப் போகும்.