நீல முட்டைக் காடை: வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம்

காடை முட்டை என்றால் வெளிறிய ஓட்டில் பழுப்புத் திட்டுகள் தெளித்த சிறு முட்டைதான் நமக்குத் தெரியும். வெளிர் நீலத்தில், பெரும்பாலும் திட்டில்லாமல் இடும் காடையும் உண்டு. இது தனி இனமல்ல. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து இசத்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு நம் ஊர்ப் பண்ணைகளிலும் பரவிய அதே ஜப்பானியக் காடைதான். ஓட்டின் நிறம் மட்டும் மாறுகிறது. இந்த மாறுதலை 1993இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விவரித்து, 'செலடான்' என்று பெயரிட்டனர். வெளிர் பச்சைப் பீங்கானுக்கு வழங்கும் பெயர் அது.

இருவர் கையெழுத்து

பண்ணை வைக்க விரும்பும் வியாபாரிகள் முதலில் அறிய வேண்டியது இதுதான். நீல முட்டையிடும் நாட்டுக்கோழி வகைகளில் தாய், தந்தை இரண்டில் ஒன்றிடம் அக்குணம் இருந்தாலே போதும். காடையில் அப்படியில்லை. கூட்டுக் கணக்கில் இருவரும் கையெழுத்திட்டால்தான் செக் பாஸாகும் என்பதுபோல, இரு பக்கமிருந்தும் அக்குணம் வந்து சேர வேண்டும்.

நீல முட்டைப் பெட்டையுடன் சாதாரணச் சேவலைச் சேர்த்தால் பிறக்கும் பெட்டைகள் எல்லாம் திட்டு முட்டையே இடும். அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கு பெட்டைக்கு ஒன்று நீலம் இடும்.

ஆகவே நீல முட்டையை வாங்கி அடைவைத்தால் நீலக் காடை வரும் என்பது தவறான கணக்கு. முட்டையின் நிறம் தாயைப் பற்றி மட்டுமே சொல்லும். சேவல் முட்டையிடாது, இறகைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதன் மகள்கள் இட்ட பிறகே உண்மை தெரியும். அடைகாப்பு 17, 18 நாள்; அதன்பின் முட்டைக்கு வர 6, 7 வாரம். ஏமாந்தோம் என்று தெரிவதற்குள் இரண்டு மாதத் தீவனம் செலவாகிவிடும். விற்பவரிடம், "இந்தச் சேவலின் மகள்கள் இட்ட முட்டை எங்கே?" என்று கேளுங்கள். காட்ட முடியாதவருக்குச் சாதாரணக் காடையின் விலையே அதிகபட்சம்.

வளர்ப்பில் கவனம்

காடை பெரும்பாலும் அடைகாக்காது, இன்குபேட்டர் வேண்டும். முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சூடு தேவை. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போடாவிட்டால் குஞ்சு மூழ்கிச் சாகும். மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் போதும். நீலச் சேவலையும் சாதாரணச் சேவலையும் ஒரே கூண்டில் விட்டால், அதுவரை செய்த முயற்சி வீணாகும்.

கடையில் விற்கும்போது

நீல நிறத்துக்குக் காரணம் பிலிவெர்டின் என்னும் நிறமி. அது ஓட்டோடு சரி. நிறத்தால் உள்ளே சத்து கூடுவதில்லை. எடை 10 முதல் 12 கிராம். ஒரு கோழி முட்டைக்கு நான்கைந்து காடை முட்டை ஈடாகும். "நீல முட்டை சர்க்கரையைக் குணமாக்கும்" என்று அட்டை எழுதித் தொங்கவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஒரு டஜன் டப்பாவில் இரண்டு மூன்று நீல முட்டையைக் கலந்து வையுங்கள். பார்க்க அழகு என்பதற்காகவே வாங்குவோர் வாங்குவர். கேட்பு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, பிறகு கூண்டுக்கு முதல் போடலாம்.