காந்தற் கம்பி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு என்னைப் பார்க்க வந்த என் மருமகன், ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்கிடையில், தன் கைப்பையிலிருந்து பித்தளைக் குழாய் போன்றதொரு சாதனத்தையும், சிறு ஸ்குரூ டிரைவர் ஒன்றையும், பஞ்சுத் துண்டையும், தையல் நூற்கட்டையை நிகர்த்த கம்பிச் சுருளையும் எடுத்து மேசைமீது பரப்பினான்.

“மாமா, இது கடையில வாங்கின கொயில் இல்லை. நானே சுத்தினது. ஏழு சுத்து, பாருங்கோ.”

பார்த்தேன். மூன்று இழைகளை முறுக்கி ஒன்றாக்கிய கம்பியில், பொற்கொல்லன் இழைத்த வேலையோ என ஐயுறுமளவுக்கு, சுற்றுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒழுங்காக அமைந்திருந்தன. அத்தகைய சுருள்கள் இரண்டு அருகருகே பூட்டப்பட்டிருந்தன. பாடசாலைப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் பௌதிகம் படிப்பித்த பழக்கத்தால் என் வாயில் முதலில் வந்தது ஒரே கேள்விதான்.

“எத்தனை ஓம், தம்பி?”

“அது பார்க்கேல்லை மாமா. புகை நல்லா வருது.”

என் கேள்விக்கும் அவன் விடைக்கும் இடையிற் கிடந்த அபாயம் எத்தகையது என்பதையும், அவ்வபாயம் நேர்ந்தபின் இந்நாட்டுப் பிரஜை ஒருவனுக்கு எஞ்சியிருக்கும் உரிமைகளும் நிவாரணங்களும் எவை என்பதையும், அவனைப் போன்ற வாலிபர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒருங்கே உரைத்துவிடலாம் என்ற எண்ணத்தினாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

இலத்திரனியல் சிகரட் என்றும் வேப் என்றும் வழங்கும் இச்சாதனத்தின் உயிர்நிலை அந்தச் சிறு சுருளே. பற்றரியிலிருந்து வரும் மின்சாரம் கம்பியைச் சூடாக்க, பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் திரவம் ஆவியாகி, இழுப்பவனுடைய சுவாசப்பைக்குள் நுழைகிறது. தொழிற்சாலையிற் செய்து அடைத்த சுருளை மாற்றி மாற்றிப் போடுவது ஒரு வகை. கம்பியை விலைக்கு வாங்கித் தானே சுற்றி, தானே பூட்டி, தானே பஞ்சிட்டுக்கொள்வது மற்றொரு வகை. பின்னையதில் ஈடுபடுவோர் பெரும்பாலும் உபயோகிக்கும் கம்பிகளுள் ஒன்று இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகிய மூன்றும் சேர்ந்த கலப்புலோகம்; சுவீடன் தேசத்தில் ஹல்ஸ்டஹம்மர் என்னும் ஊரில் 1931ஆம் ஆண்டு தோன்றிய ஒரு கம்பனி இதற்கு இட்ட பெயர் ‘காந்தல்’. சோற்றுப் பானையின் அடியிற் கருகிப் பிடித்திருப்பதை நம் தாய்மார் எந்தச் சொல்லாற் சுட்டுகிறார்களோ, அதே ஒலியுள்ள பெயரை, தமிழே அறியாத ஒரு சுவீடன்காரர் தம் கம்பிக்கு இட்டது தற்செயல்தான். ஆயினும் பொருத்தம் அபாரமானது. பஞ்சு வரண்டுபோன நிலையில் கம்பியைச் சூடாக்கினால், நாவிற் படுவது சாட்சாத் காந்தலேதான். அந்தக் காந்தல் ருசியோடு கூடவே, திரவத்திலுள்ள கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்கோலும் சிதைந்து, போர்மல்டிஹைட், அக்ரோலீன் முதலான விஷ வஸ்துக்களாக மாறி உள்ளே இறங்குகின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். 0.32 மில்லிமீற்றர் விட்டமுள்ள காந்தல் கம்பி பத்துச் சென்றிமீற்றர் எடுத்தால், அதன் தடை ஏறத்தாழ 1.8 ஓம். மூன்று மில்லிமீற்றர்த் தண்டொன்றின்மேல் ஏழு சுற்றுச் சுற்ற எட்டுச் சென்றிமீற்றர் போதும்; அதன் தடை 1.4 ஓம். முழுதும் மின்னேற்றிய லிதியம் பற்றரியின் அழுத்தம் 4.2 வோல்ற், அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் மூன்று அம்பியர். இம்மட்டில் பயப்படுவதற்கு அதிகமில்லை. ஆனால், மிகுந்த புகையில் மோகங்கொண்டவன் ஒரு சுருளுக்கு இரண்டு சுருளாகவும், ஓர் இழைக்கு மூன்று இழையாகவும் பெருக்கிக்கொண்டே போகையில், தடை பாதியாகிப் பாதியின் பாதியாகி, ஓட்டமோ அதற்கேற்ப இரட்டித்து இரட்டித்து ஏறுகிறது. 0.1 ஓம் என்ற நிலைக்கு வந்தால் ஓட்டம் 42 அம்பியர். நம் வீட்டுச் சுவரில் நாம் செருகும் 13 அம்பியர்ப் பிளக்கினுள்ளே இருக்கும் பியூஸ், அவ்வளவு ஓட்டம் பாய்ந்தால் எரிந்து அறுந்து நம்மைக் காக்கும்படி அமைக்கப்பட்டது. ஆயிரம் வாற்று அயன் பெட்டிகூட ஐந்து அம்பியருக்குக் குறைவாகவே இழுக்கிறது. அயன் பெட்டிகள் ஒன்பதுக்குமேல் ஒன்றுசேர்ந்து இழுக்கும் ஓட்டத்தை, விரலளவான ஒரு பற்றரியிடம், வாயருகே வைத்துக் கேட்கும் காரியம் இது.

மருமகனின் சுருளை என் பழைய மல்ரிமீற்றரில் அளந்தோம். 0.4 காட்டியது. அவன் முகம் மலர்ந்தது. பின்பு கருவியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுவித்துக் காட்டினேன். சுருளே இல்லாதபோதும் அது 0.2 காட்டியது. அது கருவியின் வயர்களுடைய தடை. அதைக் கழித்தால் சுருளுக்கு எஞ்சுவது 0.2 ஓம், ஓட்டம் 21 அம்பியர். மல்ரிமீற்றரை நம்பி இவ்வளவு சிறிய தடையை அளப்பது, மூட்டை நிறுக்கும் தராசில் பொன் நிறுப்பதற்கு ஒப்பாகும். இதற்கென்றே செய்த ஓம்மானி வேண்டும். அடுத்துப் பற்றரியைக் கேட்டேன். பழைய மடிக்கணினி ஒன்றிலிருந்து கழற்றியது என்றான். மடிக்கணினிக்குரிய பற்றரிகள் பெரும்பாலும் பத்து அம்பியருக்கும் குறைவான ஓட்டத்துக்கே அமைந்தவை. அதன் பிளாஸ்ரிக் உறையும் மேல்விளிம்பிற் கிழிந்திருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். 18650 என்று எண்ணிட்டு வழங்கும் இப்பற்றரிகளில், மேலேயுள்ள சிறு குமிழ் ஒன்றே நேர்முனை. ஏனைய உடல் முழுவதும், நாம் கையாற் பிடிக்கும் பக்கங்கள் உட்பட, எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது கடதாசி போன்ற அந்த மெல்லிய உறை மாத்திரமே. உறை கிழிந்த பற்றரி பித்தளைக் குழாயைத் தொட்டாலோ, சட்டைப்பையிற் கிடக்கும் சில்லறைக் காசையோ சாவிக்கொத்தையோ தொட்டாலோ, சுற்று நேரே மூடிக்கொள்கிறது. உள்ளிருக்கும் இரசாயனம் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு, எவராலும் இடையில் நிறுத்த முடியாத வேகத்தில் எரிந்து வெடிக்கிறது. மின்சுற்றுப் பலகை பொருத்திய சாதனங்கள் தடை மிகக் குறைந்தால் இயங்க மறுத்துவிடும். வெறும் குழாய்க்கு அந்த விவேகம் கிடையாது. பூட்டும்போது நறுக்காமல் விட்ட கம்பிக்கால் ஒன்று மூடியைத் தொட்டாற்கூட அது மறுப்பின்றி முழு ஓட்டத்தையும் விட்டுவிடும்.

இது கற்பனைப் பயமென்று எண்ணுவோருக்கு அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் 2017ஆம் ஆண்டு அறிக்கையைச் சுட்டுவேன். 2009 தொடக்கம் 2016 முடிய அந்நாட்டில் நிகழ்ந்த 195 தீ, வெடிப்புச் சம்பவங்களை அது ஆராய்ந்தது. காயப்பட்டோர் 133 பேர், அவருள் 38 பேருடைய காயம் கடுமையானது. 61 சம்பவங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே நேர்ந்தவை. அவ்வறிக்கை வந்தபின், 2018 மே மாதத்தில் புளோரிடாவிலும், 2019 ஜனவரியில் டெக்சஸ் மாநிலத்திலும், சாதனம் வெடித்துச் சிதறியதால் ஒவ்வோர் உயிர் போயிற்று. டெக்சஸில் மாண்டவருக்கு வயது 24; சிதறிய உலோகத் துண்டு கழுத்து நாடியை அறுத்துவிட்டது.

வெடிக்காத சுருளும் சாதுவானதன்று. 2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் 56 பேரின் சாதனங்களைச் சோதித்தபோது, புட்டியிலிருந்த திரவத்தில் அற்பமாயிருந்த ஈயம், நிக்கல், குரோமியம் முதலியன, சூடான சுருளைக் கடந்தபின் பன்மடங்காகப் பெருகியிருக்கக் கண்டனர். நிக்கல் ஒவ்வாமையுள்ளவர்கள், கைக்கடிகாரத்தின் பட்டியிலேயே தோல் தடிப்பவர்கள், நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நைக்குரோம் கம்பியைக் கடந்த ஆவியை உள்ளிழுப்பதை என்னென்று சொல்வது! இனி, வீட்டிற் சின்னப் பிள்ளைகள் இருந்தால், நிக்கொற்றீன் திரவப் புட்டி பற்றரியினும் பெரிய சத்துரு. 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையொன்று அத்திரவத்தால் இறந்தது. பழச்சாறுபோல் மணப்பதால் குழந்தை அதை வெறுப்பதுமில்லை.

சட்டம் யாது சொல்கிறது? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபை அமைக்கப்பட்டது; இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை அச்சட்டம் குற்றமாக்கிற்று. அதன்கீழ் 2016 செப்டெம்பரில் வர்த்தமானியில் வெளியான பிரமாணங்கள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரட்டுகளை உற்பத்தி செய்வதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தன. ‘புகையிலை அடங்கிய’ என்ற அடைமொழியைப் பற்றிக்கொண்டு, திரவத்தில் இலை இல்லை, கம்பியில் இலை இல்லை என்று வாதிப்போர் உளர். அவ்வாதம் நீதிமன்றத்தில் நிலைக்குமா என்பது சட்டத்தரணிகளின் விசாரணைக்குரியது. கைச்சரக்கைக் கள்ளமாய் விற்பவன் அதைச் சொல்லும்போது, தன் முதலைக் காப்பதற்காகவே சொல்கிறான் என்பதை வாங்குகிறவன் மறக்கலாகாது. பிரயாணஞ் செய்வோர்க்கும் ஒரு வார்த்தை: இந்தியா 2019இல் தனிச்சட்டம் இயற்றி இவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் தண்டனைக்குரியதாக்கிற்று, சிங்கப்பூரில் 2018 தொடக்கம் கைவசம் வைத்திருப்பதே குற்றம். கலியாணத்துக்குச் சென்னை போகிறவர் இதைக் கொண்டுபோய் அவதிப்பட வேண்டாம்.

உரிமைகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் சுருளைத் தானே சுற்றுகிறவன், தன்னையறியாமலே ஒரு பெரிய உரிமையைக் கைநழுவ விடுகிறான். நம் நாட்டில் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், விற்ற பொருள் குறித்த காரியத்துக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும், வாங்குபவனை ஏமாற்றும்படி அதைப்பற்றிப் பொய்யுரைத்தலாகாது என்ற தத்துவத்தை நிலைநாட்டியுள்ளன. ஆனால் சுருளுக்கு உற்பத்தியாளன் யார்? சுற்றியவனே. தடையைக் கணித்திருக்க வேண்டியவன், கம்பிக்காலை நறுக்கியிருக்க வேண்டியவன், பற்றரியைத் தெரிந்தெடுத்திருக்க வேண்டியவன் எல்லாம் அவனே. வெடித்தபின் எவர்மீது வழக்குத் தொடுப்பான்? தடைசெய்த சரக்கை விற்றவனோ பற்றுச்சீட்டுத் தந்திருக்கமாட்டான்.

பற்றரியும் மின்னேற்றியும் அவ்வாறல்ல. அவை விளக்குக்கும் விசிறிக்கும் பயன்படும் சாதாரண வியாபாரப் பொருள்கள். கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. இயலாத அம்பியரை உறையில் அச்சிட்டு, பழைய பற்றரிக்குப் புது உறை போர்த்து விற்கும் பித்தலாட்டம் உலகெங்கும் நடக்கிறது. அப்படியொன்றால் ஏமாந்தவர், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்துமூலம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம்; அதன் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பு அவ்வுரிமையை அளித்துள்ளது, பிறமொழி தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பிறருடைய அலட்சியத்தால் காயமுற்று நட்டஈடு கோருவோர் இரண்டு வருஷத்துக்குள் வழக்கிட வேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்க்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வெடித்த மிச்சத்தை வெட்கப்பட்டுக் குப்பையில் எறிந்துவிடாமல், படமெடுத்து, பற்றுச்சீட்டோடும் வைத்தியத் துண்டோடும் பத்திரப்படுத்துதல் அவசியம்.

விபத்து நேர்ந்த கணத்திற் செய்ய வேண்டியவை வேறு. எரியும் உடையை அகற்றி, வெந்த இடத்தை இருபது நிமிஷம் ஓடும் குளிர்நீரிற் பிடிக்க வேண்டும். பற்பசையும் வெண்ணெயும் பூசுவது நம்மவர் கைவிட மறுக்கும் மூடவழக்கம். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பொரளைவாசிகளுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு கூப்பிடு தூரந்தான். திரவத்தைக் குடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட, சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை நம் சந்தியருகிலேயே நிற்கிறது. அங்கே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பொலிசுக்கு அஞ்சி, கொதிநீர் பட்டதென்று சொல்லிவைத்தால், பற்றரியின் இரசாயனத்தாற் பட்ட காயத்துக்கு வெறும் நெருப்புக் காயத்தின் வைத்தியமே நடக்கும்.

மருமகன் அன்று புறப்படும்போது, உறை கிழிந்த அந்தப் பற்றரியை என்னிடமே விட்டுப்போனான்; இரு முனைக்கும் நாடா ஒட்டி வைத்திருக்கிறேன். சுருளை மாத்திரம் கொண்டுபோய்விட்டான். நிறுத்த விரும்புவோர்க்கு ஆலோசனை கூறும் 1948 என்ற இலக்கத்தை ஒரு துண்டிற் குறித்துக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பேசவில்லையாம். உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், இன்றிரவு சண்டை பிடிக்காமல் அருகில் உட்கார்ந்து, “எத்தனை ஓம், தம்பி?” என்று கேட்டுப் பாருங்கள், அவனுடைய பற்றரியின் உறையையும் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள்.