அவரவர் கலவை: ஒரு சொல் நமக்குச் சொல்லும் பாடம்

ஆசிரியர் அறையில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு. "அந்தப் பையன் ஒரு மாதிரி சார்." எந்த மாதிரி என்று நாம் கேட்பதில்லை, சொன்னவரும் விளக்குவதில்லை. மாதிரிப் பள்ளி, மாதிரி வினாத்தாள் என்று பெருமையாகச் சொல்லும் அதே சொல், ஒரு குழந்தையின் மேல் விழும்போது மட்டும் குறையைச் சுட்டும் சொல்லாகிவிடுகிறது.

மற்றவரிடமிருந்து வேறுபட்ட இயல்பைக் குறிக்கும் சொற்களுக்கு எல்லா மொழியிலும் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இடியோசின்கிரசி’ என்றொரு சொல் உண்டு. ஒருவருக்கே உரிய, பார்ப்பவருக்குச் சற்று விநோதமாகத் தெரியும் பழக்கம் அல்லது போக்கு என்பது அதன் இன்றைய பொருள். இந்தச் சொல் வந்த வழியையும், நம் தமிழில் ‘பித்து’ வந்த வழியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மொழிப்பாடத்துக்கும் உதவும். நம் பேச்சையும் எழுத்தையும் திருத்திக்கொள்ளவும் உதவும்.

கலவையில் பிறந்த சொல்

இது மூன்று கிரேக்கச் சொற்கள் சேர்ந்த கூட்டுச்சொல். ‘இடியோஸ்’ என்றால் தனக்கே உரிய. ‘சின்’ என்றால் சேர்ந்து. ‘கிராசிஸ்’ என்றால் கலத்தல். ஆக, ‘தனக்கே உரிய கலவை’ என்பதுதான் சொல்லின் நேர்ப்பொருள்.

எதன் கலவை? பண்டைய கிரேக்க மருத்துவத்தில் உடலில் நான்கு நீர்மங்கள் இருப்பதாகக் கருதினர்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு விகிதத்தில் கலந்திருப்பதால்தான் ஆளுக்கு ஆள் உடல்வாகும் குணமும் மாறுகின்றன என்று நம்பினர். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் உணவு இன்னொருவருக்கு ஏன் ஒவ்வாமல் போகிறது என்ற கேள்விக்கும் இதுவே விடையாக இருந்தது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவச் சொல்லாகவே வந்தது. அந்த நூற்றாண்டிலேயே உடலைத் தாண்டி மனப்போக்கையும் குறிக்கத் தொடங்கியது. பிறகுதான் விநோதமான பழக்கம் என்ற பொருள் அதில் ஊன்றியது. ஆனாலும் மருத்துவர்கள் பழைய பொருளை முழுவதும் விட்டுவிடவில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாத ஒரு மருந்து, யாரோ ஒருவருக்கு மட்டும் எதிர்பாராத விளைவைத் தந்தால் அதைக் குறிக்க இன்றும் இந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

‘ஹ்யூமர்’ என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். லத்தீனில் அதற்கு ஈரம் என்று பொருள். ஈரம் உடல்நீர்மமாகி, உடல்நீர்மம் மனநிலையாகி, மனநிலை கோணல் குணமாகி, கடைசியில் நகைச்சுவை ஆயிற்று. ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சன், 1598இல் மேடையேறிய தம் நாடகத்துக்கு ‘எவ்ரி மேன் இன் ஹிஸ் ஹ்யூமர்’ என்று பெயர் வைத்தபோது, நகைச்சுவை என்பதைவிட ‘அவரவர் குணக்கோணல்’ என்ற பொருளே அதில் முன்நின்றது.

ஆங்கில ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு சிறு பயனும் இருக்கிறது. இந்தச் சொல்லை எழுதும்போது, டெமாக்ரசியைப் போலக் கடைசி அசையில் ‘சி’ எழுத்தைப் போடுவது பலரும் செய்யும் பிழை. டெமாக்ரசியின் பின்பாதி ஆட்சியைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல். நம் சொல்லின் பின்பாதி கலவை. அங்கே ‘எஸ்’ எழுத்துதான் வரும். பொருள் தெரிந்த மாணவருக்கு எழுத்துக்கூட்டலைத் தனியாக மனப்பாடம் செய்யும் வேலை இல்லை.

நம் பக்கத்துப் பித்தன்

கிரேக்கர்களுக்கு நான்கு என்றால் நமக்கு மூன்று: வாதம், பித்தம், கபம். திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் முதல் குறளே, இந்த மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்கிறது. "எனக்குப் பித்த உடம்பு" என்று இன்றும் பாட்டிமார் சொல்கிறார்கள். பித்தம் தலைக்கேறினால் புத்தி தடுமாறும் என்ற எண்ணத்திலிருந்து ‘பித்து’, ‘பித்தன்’ என்ற சொற்கள் பிறந்தன. கிரேக்கச் சொல் நடந்த அதே பாதை இது. உடல்நீர்மத்தின் பெயர், மனப்போக்கின் பெயராகிவிட்டது.

ஆனால் தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு திருப்பமும் நேர்ந்தது. அது நடந்தது நம் வட்டாரத்தில்தான். திருநாவலூரில் பிறந்த சுந்தரருக்குத் திருமணம் நடக்கவிருந்த வேளையில், ஒரு முதியவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்டி வழக்காடினார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று இகழ்ந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது, முதியவர் வென்றார், வந்தவர் இறைவன் என்று பிறகு தெரிந்தது. என்ன சொல்லிப் பாடுவது என்று சுந்தரர் திகைத்தபோது, நீ என்னை ஏசிய சொல்லையே வைத்துப் பாடு என்று இறைவன் சொன்னதாகக் கதை. சுந்தரரின் முதல் பதிகம் ‘பித்தா’ என்ற விளியுடன்தான் தொடங்குகிறது. வசைச்சொல் அங்கே வழிபாட்டுச் சொல்லாயிற்று.

திருநாவலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கின்றன. 1993 வரை இரண்டும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். இந்தக் கதையை விரிவாகப் பாடிய சேக்கிழாரின் பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரத்தில் என்பது மரபு. இலக்கியத்தை விட்டுவிட்டு வீட்டுப் பேச்சுக்கு வந்தாலும், ‘பெற்ற மனம் பித்து’ என்ற பழமொழியில் அந்தச் சொல் அன்பைத்தான் குறிக்கிறது. யார், எந்த மனத்தோடு சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே சொல் இழிவாகவும் இருக்கிறது, உயர்வாகவும் இருக்கிறது.

ஒரே வேர், இரண்டு கிளை

‘இடியோஸ்’ என்ற வேரில் வேறு சொற்களும் உண்டு. ஒரு மொழிக்கே உரிய தொடர் ‘இடியம்’. அதை மரபுத்தொடர் என்று சொல்லித் தருகிறோம், மதிப்பெண்ணும் தருகிறோம். இன்னொரு கிளை ‘இடியட்’. கிரேக்கத்தில் அதற்குப் பொதுப் பொறுப்பில் இல்லாத தனிமனிதர் என்றுதான் பொருள். பிறகு தொழில்பயிற்சி இல்லாதவர், படிப்பறியாதவர் என்று இறங்கி, கடைசியில் வசையாக வந்து நின்றது.

இந்தச் சொல் அறிவியல் பெயராகவும் சில காலம் இருந்தது. 1905இல் பிரான்சில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் இருவரும் ஒரு தேர்வை உருவாக்கினர். வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆனால் அக்காலத்து வல்லுநர்கள், மதிப்பெண் குறைந்தவர்களை ‘இடியட்’, ‘இம்பெசைல்’, ‘மோரான்’ என்று தரம் பிரித்துப் பெயரிட்டனர். அந்தப் பெயர்கள் தெருவுக்கு வந்து ஏச்சுச் சொற்களாயின. பின்னர் அறிவியல் அவற்றைக் கைவிட்டது. உதவி செய்யத் தொடங்கிய முயற்சியில், உதவியைவிடப் பெயரே குழந்தையோடு ஒட்டிக்கொண்டது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒன்பதாம் வகுப்பு முதல் இரண்டு செயல்பாடுகளைச் செய்யலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

முதலாவது, சொல்லின் வழித்தடம். கரும்பலகையில் மூன்று கட்டங்கள்: சொல், பழைய பொருள், இன்றைய பொருள். ‘நாற்றம்’ என்பதில் தொடங்கலாம். பழந்தமிழில் அது நறுமணத்தையும் குறித்தது. மணிலாக்கொட்டை நம் ஊர்ப் பேச்சில் ‘மல்லாட்டை’ ஆனதைச் சேர்த்தால் வகுப்பு கலகலப்பாகும். பிறகு மாணவர்கள் ஒருவரையொருவர் ஏசும் சொற்களுக்கு வரலாம். ‘லூசு’ என்பது தளர்ந்த என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல். ‘மெண்டல்’ என்பது மனம் சார்ந்த என்று மட்டுமே பொருள்படும் சொல். என் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு மாணவி, "அப்படின்னா எல்லாரும் மெண்டல்தானே மிஸ், எல்லாருக்கும் மனசு இருக்கே" என்றாள். நான் தனியாக அறிவுரை சொல்லத் தேவை இருக்கவில்லை.

இரண்டாவது, ‘என் கலவை’. ஒவ்வொருவரும் தமக்கே உரிய ஒரு பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டாம். தேர்வுக்கு முன் பேனாவை மூன்று முறை தட்டுவது, குழம்பையும் சோற்றையும் கலக்காமல் சாப்பிடுவது, படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது என்று வரும். ஆசிரியரும் ஒன்று எழுதிச் சீட்டுகளோடு கலக்க வேண்டும். அடுத்தவர் பழக்கத்தைக் கேலி செய்யும் வாக்கியம் கூடாது என்ற ஒரே விதி போதும். எல்லாச் சீட்டுகளையும் படித்து முடிக்கும்போது, ‘ஒரு மாதிரி’ இல்லாதவர் வகுப்பில் யாருமில்லை என்பது தெரிந்துவிடும்.

பெயரிடுவதா, விவரிப்பதா?

மாணவர்களிடம் எதிர்பார்ப்பதை நாமும் செய்ய வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது பெற்றோரிடம் பேசும் பேச்சும், பதிவேட்டில் எழுதும் குறிப்பும். ‘மந்தமானவள்’, ‘பிடிவாதக்காரன்’, ‘ஒரு மாதிரி’ என்ற சொற்கள் குழந்தைக்குப் பெயர் சூட்டுகின்றன. அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. "பி, டி ஆகிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளை மாற்றி எழுதுகிறாள், வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்கிறாள்." "மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். தனியாக இருக்கும்போது கணக்கை விரைவாகப் போடுகிறான்." இப்படி எழுதினால் அடுத்தவர் எங்கிருந்து தொடங்குவது என்பது தெரியும்.

இந்த வேறுபாடு சில குழந்தைகளுக்கு மிகவும் முக்கியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகள் பலவும் முதலில் வகுப்பாசிரியர் கண்ணில் ‘விநோதமான பழக்கமாக’த்தான் படும். நோயைக் கண்டறிவது நம் வேலை அல்ல. எல்லா விநோதமும் குறைபாடும் அல்ல. கண்டதைக் கண்டபடி எழுதி, தேவைப்பட்டால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் கொண்டுசெல்வது நம்மால் முடியும். ‘மந்தம்’ என்று எழுதி மூடிவிட்ட பக்கத்தை வைத்துக்கொண்டு அவரால் எதையும் தொடங்க முடியாது.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். இதுவரை அவருக்கு நாம் சொல்லிவந்த ஒற்றைச் சொல்லை அடித்துவிட்டு, அதன் இடத்தில் நாம் நேரில் பார்த்த மூன்று செயல்களை எழுதுவோம். அவற்றில் ஒன்றாவது அவரால் நன்றாக முடிகிற செயலாக இருக்கட்டும்.